பூனைகள் தேடி வந்த பொன்னுருக்குப் பலகை

மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. அறுக்கும்போது பயப்படுவார்கள். உளி பிடிக்கும்போது பயப்படுவார்கள். கடைசியில் எண்ணெயோ வார்னிஷோ பூசுகிற கட்டம் வந்தவுடன் மட்டும் எல்லோரும் பேராசிரியர்களாகிவிடுவார்கள். பூசுகிற பிறஷ் விரலை வெட்டாது என்பதுதான் அந்தத் துணிச்சலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பேராசிரியர்களுக்கெல்லாம் நான் தலைமைப் பேராசிரியனாக இருந்தவன்.

என் உண்மையான வேலை வேலணையில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துவது. (மற்ற மேசையும் என்னுடையதுதான்.) பின்னேரம் மண்கும்பானில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டிலுக்குள் புகுந்துவிட்டால் நான் வேறு மனிதன். அங்கே ஸ்டூல் செய்தேன், புத்தகத் தட்டு செய்தேன், அம்மா கேட்காமலே அவவுக்கு ஒரு செருப்புப் பெட்டி செய்தேன். அம்மா இன்றுவரை செருப்பை வாசலில்தான் கழற்றுகிறா.

என்னைப் போலக் கை சும்மா இருக்க மாட்டாதவர்கள் தீவுப் பக்கத்தில் இன்னும் சிலர் இருந்தோம். எல்லோரும் சேர்ந்து 'சிராய்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். விரலில் ஏறாத மரச்சிராய் எங்களில் ஒருவருக்கும் மிச்சமில்லை என்பதால் அந்தப் பெயர். குழுவை நடத்தியவர் இறுப்பிட்டியைச் சேர்ந்த சுகந்தி ரீச்சர். விஞ்ஞானம் படிப்பிப்பவர், நகைப்பெட்டி மாதிரிச் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்வார். எதைப் பூசுவதானாலும் அவருக்கு ஒரே பல்லவிதான்: "முதலிலை ஒரு கழிவு மரத்துண்டிலை பூசி, வெயிலிலை ஒருக்கா, நிழலிலை ஒருக்கா வைச்சுப் பாருங்கோ. பேந்து சாமானிலை கை வையுங்கோ." இதையே எழுதுவார், இதையே சொல்லுவார், பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியிலும் இதையே போடுவார்.

எனக்கு இந்தக் கழிவுத் துண்டு விவகாரம் கட்டோடு பிடிக்காது. நல்ல கவிஞன் கவிதையை முதலில் கழிவுத் தாளில் எழுதிப் பார்க்கிறானா? (பார்க்கிறான் என்று பின்னர் அறிந்தேன்.) நான் குழுவுக்கு அறிவுரைதான் வழங்குவேன், அதுவும் குரல்பதிவாக. மெல்லிய பூச்சா தடித்த பூச்சா, மரத்தின் ஓட்டத்தோடு தேய்ப்பதா குறுக்கே தேய்ப்பதா என்று விடிய விடியப் பார்த்த யூடியூப் காணொளிகளை எல்லாம் என் சொந்த ஞானமாக மாற்றிப் பேசி அனுப்புவேன். "சிவாவின்ரை பதிவைப் போட்டுவிட்டு உலை வைக்கலாம். அவர் கதைச்சு முடிய சோறு வடிக்கச் சரியாய் இருக்கும்" என்று ரீச்சர் ஒருநாள் எழுதினார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன்.

இத்தனைக்கும் நான் ஏற்கெனவே ஒருமுறை மண் கவ்வியவன், அதுவும் சொல்லுக்குச் சொல் உண்மையாக. ஒரு ஸ்டூலுக்கு வார்னிஷ் அடித்து, காய்வதற்கு முற்றத்தில் வைத்தேன். கடற்கரையிலிருந்து வீசிய காற்று மண்கும்பான் மணலைக் கொண்டுவந்து அதன்மேல் பக்குவமாகத் தூவிவிட்டது. காய்ந்த பிறகு அது ஸ்டூலும் இல்லை, சாண்ட் பேப்பரும் இல்லை. அதில் உட்கார்ந்த பக்கத்து வீட்டு மாமா எழும்பும்போது அவர் உடுத்திருந்த சாரம் பாதி எழும்பவில்லை. அன்றைக்கே வார்னிஷை வெறுத்தேன். "நான் இனி இயற்கை எண்ணெய்க்காரன்" என்று குழுவில் அறிவித்தேன்.

இந்த நிலைமையில்தான் என் தங்கை வதனிக்குக் கலியாணம் பொருந்தியது.

மாப்பிள்ளை கபிலன் நெடுந்தீவு. அங்கே கால்நடை வைத்தியப் பகுதியில் வேலை, வீட்டிலும் மாடு கன்று நிறைய. அமைதியான பெடியன். அவனுடைய அம்மா, நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், ஆசாரமான சைவம். வெள்ளி செவ்வாயில் மட்டுமல்ல, அவவின் வீட்டில் எந்த நாளுமே மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சுவதில்லை. சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு மீன் சாப்பிடாமல் இருப்பதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மாமியால் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் கபிலனின் பெரியப்பாவால்தான். அவர் தன் மனைவி பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கபிலனுக்கு மனதில் வைத்திருந்தவர். சம்பந்தம் எங்கள் பக்கம் திரும்பியதிலிருந்து எதிலாவது ஒரு குறை பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்றே திரிந்தார். சாதகத்தை இரண்டாம் முறை பார்ப்பித்தார். நாள் சரியில்லை என்றார். எங்கள் வீட்டு வாசல் தெற்கு நோக்கி இருக்கிறது என்றார். வீட்டைத் திருப்ப ஏலாதே என்று அம்மா அழுதா.

வதனி அழவில்லை. ஆனால் கபிலனின் அழைப்பு வருகிறதா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கபிலனை நன்றாகப் பிடித்திருந்தது. முன்னர் இரண்டு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் குழம்பிப்போன பிறகு வந்தது இது. இதுவும் குழம்பக்கூடாது என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே பிரார்த்தனை. அதற்காக நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால், "பொன்னுருக்குப் பலகை நான் செய்யிறன்" என்று சொன்னேன்.

பொன்னுருக்கு என்பது தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து நடக்கும். மாப்பிள்ளையைக் கிழக்கு நோக்கிப் பலகையில் இருத்தி, அவர் கண்முன்னாலேயே பொற்கொல்லரான ஆசாரியார் ஒரு தங்க நாணயத்தை உருக்குவார். பொன் பிசகாமல் ஒரே துளியாகத் திரண்டால் எல்லாம் சுபம். பெண் வீட்டாரும் போய் இருந்து பார்ப்பார்கள், மணப்பெண் மட்டும் போவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் என் கையால் செய்த பலகை இருந்தால் பெரியப்பாவின் வாயும் அடைபடும் என்று கணக்குப் போட்டேன்.

நல்ல பலாப்பலகையாகப் பார்த்து வாங்கினேன். உண்மையைச் சொன்னால் மரவேலை அருமையாக வந்தது. நாலு மூலையையும் உருட்டி, ஓரத்தில் ஒரு சின்னத் தாமரைக் கொடி செதுக்கி, முரட்டு சாண்ட் பேப்பரில் தொடங்கி மிருதுவான தாள்வரை படிப்படியாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய மரத்தும்பை மறுபடி தேய்த்து முடித்தபோது அது குழந்தையின் கன்னம் போல இருந்தது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பூச்சுக்கு வந்தேன். இயற்கை எண்ணெய் என்று அறிவித்தாயிற்று. எந்த எண்ணெய்? "உப்புக் காத்துக்கு நிண்டு பிடிக்கிற எண்ணெய் எது?" என்று குழுவில் கேட்டேன். ரீச்சர் ஆளிவிதை எண்ணெயைச் சொன்னார், கூடவே கழிவுத் துண்டையும் சொன்னார். ஊர்காவற்றுறை அருளப்பு அண்ணை வேறு விடை சொன்னார். அவர் வள்ளம் வைத்திருப்பவர், ஓய்வில் கப்பல் பொம்மைகள் செய்வார்.

"உப்புக்கோ? அதுக்கு சுறா எண்ணெயை விட்டா வேறை என்ன இருக்கு தம்பி? எங்கடை அப்பு காலத்திலையிருந்து வள்ளத்துக்கு அதுதான். தண்ணி அண்டாது, பூச்சி அண்டாது."

தண்ணீரே அண்டாத எண்ணெய்! கடலுக்குள்ளேயே கிடக்கிற மரத்தைக் காப்பாற்றுகிற பொருள், வீட்டுக்குள் இருக்கிற பலகையை என்ன பாடுபடுத்திக் காப்பாற்றும்! அப்போது என் புத்தி இப்படித்தான் வேலை செய்தது. எதற்காகக் கேட்கிறேன் என்று நான் அண்ணைக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த நாளே ஒரு பழைய சோடாப் போத்தலில் சுறா எண்ணெய் வாங்கிவந்துவிட்டேன்.

ரீச்சர் குழுவில் கேட்டார்: "துண்டிலை பூசிப் பாத்தனீரோ?"

நான் ஒரு பெருவிரல் படத்தை மட்டும் அனுப்பினேன். (பெருவிரல் ஓம் என்ற பதிலும் இல்லை, இல்லை என்ற பதிலும் இல்லை. அதனால்தான் அதை அனுப்பினேன்.)

பூசிய அன்றைக்குப் பலகை மின்னிய மின்னலைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. மஞ்சள் நிறப் பலா, பொன் மாதிரிச் சிவந்து ஒளிர்ந்தது. மணம் கொஞ்சம் இருந்ததுதான். காயக் காயப் போய்விடும் என்று நினைத்தேன். அடுத்த நாள் தொட்டேன், விரலில் பிசுபிசுத்தது. ஒரு கிழமை கழித்துத் தொட்டேன், அதே பிசுபிசுப்பு. சரி, பூச்சு மெல்லிதாகிவிட்டது போல என்று இன்னும் ஒரு கை பூசினேன். சுறா எண்ணெய் காயவே காயாத சாதி எண்ணெய் என்பது எனக்குத் தெரியாது. வள்ளத்துக்குப் பூசுகிறவர்கள் அது காய்வதை எதிர்பார்ப்பதும் இல்லை. காய்ந்தால்தானே மறுபடி உப்புத்தண்ணீர் உள்ளே போகும்.

மணத்தைப் பொறுத்தவரை, மூக்கு ஒரு விசித்திரமான உறுப்பு. ஒரு பொருளோடு நாலு நாள் கூடி இருந்தால் அது விட்டுக்கொடுத்துவிடும். என் மூக்கு முழுதாகச் சரணடைந்திருந்தது. அம்மாதான் கொட்டில் பக்கம் வந்து நின்று கேட்டா.

"உதென்ன தம்பி ஒரு மணம்?"

"பலாவின்ரை மணம் அம்மா."

"பலாவோ? எனக்கென்னவோ கறிக்கு மீன் கிடக்கிறது போலை இருக்கு."

அந்த வார்த்தை கொஞ்சம் உறைத்தது. புறப்படும் நாள் காலையில் பலகைக்குச் சந்தனத்தூளைத் தூவி, பன்னீரும் தெளித்து, புதுத்துணியில் சுற்றி, மேலே ஒரு சாக்கையும் சுற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். முழுச் சுறாவைச் சந்தனத்தில் மறைத்தவன் நான்தான்.

குறிகட்டுவானில் படகு ஏறினோம். அம்மா, நான், சித்தப்பா, சித்தி, இன்னும் சில உறவுக்காரர். படகுக்குள்ளே சனம் நெருக்கி இருந்தது. வெக்கையில் வேர்த்துக் கொட்டியது. எனக்கு மட்டுமல்ல, என் மடியில் இருந்த பொதிக்கும். கொஞ்சத் தூரம் போவதற்குள் ஒரு அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினா.

"ஆரோ கருவாடு கொண்டு வருகினம்."

"ஓம் அக்கா, உது நல்ல பழங்கருவாடு" என்றார் பக்கத்திலிருந்தவர், ஓர் அனுபவசாலியின் குரலில்.

எல்லோருடைய கண்ணும் மூலையில் பெரிய பையோடு இருந்த ஒரு மனிதர்மேல் போனது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் வாய் திறக்காமல் இருந்தேன். திறக்காமல் இருந்ததோடு நிற்கவில்லை, மற்றவர்களோடு சேர்ந்து நானும் அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். பாவம், அவர் பையை விரித்தே காட்டினார். உள்ளே பேக்கரிப் பாண்.

நெடுந்தீவுத் துறையில் இறங்கி, லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, கல்மதில்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு நாய் எங்கள் வண்டியை விடாமல் துரத்தி வந்தது. வண்டிச் சத்தத்துக்கு வருகிறது என்று சித்தப்பா சொன்னார். நான் பொதியைச் சுற்றிய சாக்கை இன்னும் இறுக்கினேன்.

மாமி வாசலுக்கு வந்து எங்களை வரவேற்று, என் கையிலிருந்த பலகையை வாங்கிப் பொதியைப் பிரித்தா. தாமரைக் கொடியை விரலால் தடவினா. "நல்ல வடிவாய் இருக்கு தம்பி" என்றா. பிறகு தன் விரல்களை ஒருமுறை பார்த்தா, கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தா. ஆசாரமான மனிசி, எதைத் தொட்டாலும் கை கழுவுவா போல என்று நினைத்தேன். வந்தவ, அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துப் பல மடிப்பாக மடித்துப் பலகைமேல் தன் கையாலேயே விரித்துவிட்டா. எவ்வளவு மரியாதை என் பலகைக்கு என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

நல்ல நேரம் வந்தது. விறாந்தையில் நிறைகுடம், குத்துவிளக்கு, வெற்றிலை, பாக்கு, தேங்காய் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கபிலன் பட்டு வேட்டியோடு வந்து பலகையில் சம்மாணம் கொட்டி இருந்தான். ஆசாரியார் அவனுக்கு முன்னால் சட்டியை வைத்துக் கரியை மூட்டினார். சாம்பல் பறக்கும் என்று மின்விசிறியை நிற்பாட்டினார்கள். நான் பெண்ணின் அண்ணனாக, மாப்பிள்ளைத் தோழன் என்ற முறையில் கபிலனுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, யாராவது பலகையை விசாரிப்பார்களா என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆசாரியார் குழலை எடுத்து ஊதினார். கரி சிவந்தது. வெக்கை முகத்தில் அடித்தது. அந்த வெக்கை என் முகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சட்டிக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான். பலாவுக்குள் ஊறிக் கிடந்த எண்ணெய் எல்லாம் சூடு பட்டு மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வந்தது. முதலில் ஒரு சின்ன வாடை. பிறகு நல்ல வாடை. பிறகு, எப்படிச் சொல்வது, ஊர்காவற்றுறைக் கரையிலுள்ள மீன்வாடி முழுவதும் எழும்பி வந்து நெடுந்தீவு விறாந்தையில் சம்மாணம் கொட்டி இருந்தது.

முதல் விருந்தாளி ஒரு சாம்பல் நிறப் பூனை. பால் வீடு என்பதால் அங்கே பூனைகளுக்குக் குறைவில்லை. அது நேராக வந்து கபிலனின் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. அடுத்தது வெள்ளைப் பூனை. அது பலகையின் ஓரத்தை, என் தாமரைக் கொடியைத்தான், ஆசையோடு நக்கத் தொடங்கியது. மூன்றாவது ஒரு கடுவன் பூனை, மதிலிலிருந்து குதித்து, சபையை ஒருமுறை பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் மடியில் ஏறி இருந்தது.

பெரியப்பா மூக்கை உயர்த்தினார். அவருடைய வாழ்நாளெல்லாம் அந்த மூக்கு இந்த ஒரு நிமிடத்துக்காகவே காத்திருந்தது போல இருந்தது.

"மச்சம் மணக்குது" என்றார்.

பிறகு சபையைச் சுற்றிப் பார்த்தார். "ஆர் வீட்டுக்குள்ளை மச்சம் கொண்டந்தது? பொன்னுருக்கு நடக்கிற இடத்திலை மச்சமோ?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்து தங்களுக்குத் தெரியாது என்றார்கள். ஆசாரியார் தன் உடுப்பை மணந்து பார்த்தார். "நான் காலமையிலையிருந்து விரதம் ஐயா" என்றார் பரிதாபமாக. படகில் பாண் கொண்டுவந்த மனிதரின் முகம் என் மனதில் வந்துபோனது.

"இது நல்ல சகுனமில்லை" என்று பெரியப்பா எழும்பினார். "அப்பவே சொன்னனான், நாள் சரியில்லை எண்டு. ஆசாரியார், ஊதுறதை நிப்பாட்டும். இண்டைக்கு வேண்டாம். வடிவாய் யோசிச்சுப் பேந்து பாப்பம்."

பேந்து பாப்பம், பிறகு பார்க்கலாம் என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். முந்தைய இரண்டு சம்பந்தங்களும் அந்த இரண்டு சொற்களில்தான் முடிந்தன. அம்மாவைப் பார்த்தேன். அவ சித்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தா. மண்கும்பானில் வதனி போனைக் கையில் வைத்துக்கொண்டு, பொன் ஒரே துளியாகத் திரண்டது என்ற செய்திக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். பிசுபிசுப்பான ஒரு பலகைக்காக என் தங்கையின் வாழ்க்கையை நான் கவிழ்த்துவிட்டேன். சொல்லிவிடுவோம், என்னை அடித்தாலும் பரவாயில்லை, குற்றம் வதனியில் இல்லை என்றாவது தெரியட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அது... பலகையிலை..."

கபிலனின் கை என் கணுக்காலை ஒரு பிடி பிடித்தது. மாட்டுக் காலைப் பிடித்துப் பழகிய கை, அசைய முடியவில்லை.

"அது என்ரை கைதான் பெரியப்பா" என்றான் அவன், கடுவனைத் தடவிக்கொண்டே. "காலமை சோந்து கிடந்த கண்டுக்குட்டிக்கு மீனெண்ணெய் பருக்கினனான். கழுவினது காணாது போலை."

"பொன்னுருக்குக்கு வாற கையாலையோ?"

"நாள் பாத்தே கண்டுக்கு வருத்தம் வருது? நான் என்ன செய்ய?"

பெரியப்பா மறுபடி வாயெடுத்தார். அதற்குள் மாமி முன்னால் வந்தா. குரலை உயர்த்தவே இல்லை.

"வாயில்லாச் சீவனுக்கு மருந்து குடுத்த கையிலை என்ன குறை? அதைவிட நல்ல சகுனம் வேறை வேணுமே? ஆசாரியார், நேரம் போகுது, ஊதுங்கோ. அத்தான், நீங்கள் இருங்கோ."

அத்தானாகிய பெரியப்பா உட்கார்ந்தார். ஆசாரியார் ஊதினார். நாணயம் சிவந்து, மெழுகு போல இளகி, ஒரு பிசிறும் இல்லாமல் ஒரே துளியாகத் திரண்டது. "வலு திறம்" என்றார் ஆசாரியார். அம்மா விசும்பினா. எனக்கு அந்த ஆசாரியாரையும் அவருடைய குழலையும் சட்டியையும் சேர்த்துக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் என் பலகை இன்னும் முடிக்கவில்லை. கபிலன் எழும்பியபோது வேட்டியோடு ஒட்டிக்கொண்டு பலகையும் கொஞ்சம் எழும்பி, 'டொக்' என்று விழுந்தது. அவன் திரும்பியபோது பார்த்தேன். மாமி மடித்துப் போட்ட துணியையும் தாண்டி, பட்டு வேட்டியின் பின்புறத்தில் எண்ணெய் அழகாகப் படம் வரைந்திருந்தது. பெரியப்பா அந்தப் பக்கம்தான் நின்றார். நான் ஒரே தாவில் போய்க் கபிலனின் முதுகோடு ஒட்டிக்கொண்டேன். அவன் நடந்தால் நான் நடந்தேன், நின்றால் நின்றேன். பொன்னுருக்குப் படங்களில் இன்றைக்கும் பார்க்கலாம், எந்தப் படத்திலும் மாப்பிள்ளையின் பின்னால் ஒரு பாதுகாப்பு அதிகாரி போல நான் நிற்கிறேன். என் காலடியில் வெள்ளைப் பூனை.

சாப்பாட்டுக்கு முன்னால் உடுப்பு மாற்ற என்று சொல்லி அவனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன்.

"மச்சான், உண்மையைச் சொல்லும், என்ன பூசினனீர்?" என்றான்.

"சுறா எண்ணெய்."

அவன் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். பெரியப்பாவுக்குக் கேட்கக்கூடாது என்று வாயைப் பொத்திச் சிரித்ததில் கண்ணால் தண்ணீர் வந்தது.

"இருந்த உடனையே விளங்கீட்டுது, ஏதோ பிழை எண்டு" என்றான். "வதனி முந்தியே சொன்னவ. அண்ணை செய்யிற எதிலையும் காயிற வரைக்கும் இருக்காதேங்கோ, அவர் காய விடமாட்டார் எண்டு."

"தெரிஞ்சு கொண்டோ அதிலை இருந்தனீர்?"

"வேறை என்ன செய்யிறது? இருக்காட்டில் பொன்னுருக்கேலாதே. எனக்குக் கலியாணம் முடிக்கோணும் மச்சான்."

அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான நிம்மதியை இன்றைக்கும் மறக்கவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பட்டு வேட்டியில் மீனெண்ணெய் ஊற ஊற, மடியில் கடுவனோடு ஆடாமல் அசையாமல் இருந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றியவன் இவன். என் தங்கை இவனோடு நன்றாக இருப்பாள். இதற்கு மேல் எந்தச் சாதகத்தையும் பார்ப்பிக்கத் தேவையில்லை என்று தோன்றியது. ரவையைக் கேசரியாக்கி வைத்திருந்தார்கள், நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்து குழுவில் நடந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே ஆகக் குறுகிய குரல்பதிவு அதுதான். அருளப்பு அண்ணை உடனே கூப்பிட்டார்.

"வீட்டுப் பலகைக்கோ பூசினீர்? எட தம்பி, வள்ளத்திலை ஆர் பட்டு வேட்டியோடை சம்மாணம் கொட்டி இருக்கிறது? கேட்டிருந்தா சொல்லியிருப்பனே!"

ரீச்சர் ஒரு பெருவிரலை மட்டும் அனுப்பினார்.

கலியாணம் குறித்த நாளில் நல்லபடி நடந்தது. பலகையைச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவியாயிற்று; இப்போது அது மாமி பால் கறக்கும்போது இருக்கிற பலகையாக மாட்டுக் கொட்டிலில் கிடக்கிறது. பின்னேரங்களில் பூனைகள் அதன்மேல் வரிசையாகப் படுத்திருக்கும். நான் எதைச் செய்து கொண்டுபோனாலும் கபிலன் முதலில் கேட்கிற கேள்வி, "பூனையைக் கூப்பிடட்டே மச்சான்?" என்பதுதான். குழுவிலும் அது நிலைத்துவிட்டது. தேய், துடை, காயும் எண்ணெயாகப் பார்த்து மெல்லிதாகப் பூசு, மிச்சத்தைத் துடைத்தெடு, பொறுமையாகக் காயவிடு, வெயிலில் வைத்துப் பார், கடைசியாகப் பூனைக்குக் காட்டு. எல்லாமே முதலில் கழிவுத் துண்டில். இறுப்பிட்டியில் ரீச்சர் தன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பூனையை இருத்திப் படம் எடுத்துப் போடுகிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள், இது ஏதோ வெளிநாட்டு முறை என்று நினைத்துக்கொண்டு தாங்களும் போடுகிறார்கள்.

போன மாதம் வதனி பிள்ளைத்தாச்சி என்று செய்தி வந்தது. பார்க்கப் போனேன். சாப்பிட்டு முடித்து எழும்பும்போது மாமி சொன்னா.

"தம்பி, தொட்டில் நீர்தான் செய்யோணும்."

"செய்யிறன் மாமி" என்றேன்.

"வடிவாய்ச் செய்யும். ஆனா இந்த முறை சைவமாய்ச் செய்யும்."

கையிலிருந்த செம்பு நழுவிவிட்டது. கபிலன் கூரையைப் பார்த்தான். வதனி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தாள்.

"மாமி... உங்களுக்குத் தெரியுமே?"

"நெடுந்தீவிலை பிறந்தவளுக்குச் சுறா எண்ணெய் தெரியாதோ? நீர் கையிலை தந்த உடனையே தெரியும்" என்றா மாமி, செம்பைக் குனிந்து எடுத்துக்கொண்டே. "தங்கச்சிக்கெண்டு ஒரு பெடியன் இவ்வளவு பாடுபட்டுத் தேய்ச்சுக் கொண்டந்திருக்கு, அதை எப்பிடி வேண்டாம் எண்டிறது? நல்ல மொத்தமாய் மடிச்சுத் துணியை விரிச்சா காணும் எண்டு நினைச்சன். கரிச்சட்டியின்ரை வெக்கையைத்தான் நான் மறந்துபோனன்."

இப்போது தொட்டில் வேலை நடக்கிறது. சட்டம் பூட்டியாயிற்று, தேய்த்தாயிற்று. ஆளிவிதை எண்ணெயை முதலில் ஒரு கழிவுத் துண்டில் பூசி, துடைத்து, காயவிட்டு, வெயிலில் ஒருக்கா நிழலில் ஒருக்கா வைத்து, நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பூனைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அது கிட்ட வந்து மணந்து பார்த்தது, என்னை ஒருமுறை பார்த்தது, கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விட்டது.

நான் கொட்டிலுக்குள் போய்ப் பிறஷை எடுத்தேன்.